இடம் மாறிய வலி

அன்பு மகள் லாங்கிக்கு அம்மா சியேனி எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே நம் தீவில் நானும் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், மெல்போர்ன் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். அப்பாவுக்கு இருமல் குறைந்துவிட்டது, பிடிவாதம் குறையவில்லை. மழையில் கிழங்குத் தோட்டத்துக்குப் போகாதே என்றால், கிழங்கு என்ன குடை பிடிச்சா வளருது என்கிறார். எனக்குத்தான் ஒரே அசதி, படுத்தாலும் போகாத அசதி. ஒரு வாரமாக இந்தக் கடிதத்தை எழுத உட்கார்வதும் எழுந்துவிடுவதுமாக இருக்கிறேன்.

போன மாதம் உன் ஆராய்ச்சியைப் பற்றி அப்பாவிடம் போனில் சொன்னாயே, தொண்டைப்புண் கிருமியை அடிக்க உடம்பு அனுப்புகிற காவல், ஆள் தெரியாமல் சொந்த மூட்டையும் இதயத்தின் வால்வையும் அடித்துவிடுகிறது, மூட்டு தானே ஆறிவிடும் வால்வு ஆறாது, அதனால் காய்ச்சலோடு வலி ஒரு மூட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவினால் அன்றைக்கே ஆஸ்பத்திரி என்று. திருடனை விரட்டப் போன நாய் வீட்டுக்காரனையும் கடிச்ச கதைதான் என்று அப்பா சிரித்தார். நான் பக்கத்தில் வலிக்குப் பிடித்துவிடுகிற எண்ணெயைக் காய்ச்சிக்கொண்டிருந்தேன், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த வாரமே பக்கத்து வீட்டு அகெனேசே தன் மகள் லுபேயைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஒன்பது வயது, உடம்பு கொதிக்கிறது, முழங்கால் வீங்கிக் கிடக்கிறது. பிடிச்சு விடுங்கக்கா, ஞாயித்துக்கிழமை பிள்ளைகள் ஞாயிறு, வெள்ளை கவுன் தைச்சாச்சு, வசனமெல்லாம் மனப்பாடம், கோயில்ல நின்னு சொல்ல வேண்டாமா என்றாள். முப்பது வருடமாக ஊரில் யாருக்குச் சுளுக்கு, வலி என்றாலும் என் கைதானே. எண்ணெயைத் தொட்டேன், அதற்குள் பிள்ளை சொல்கிறது, பெரியம்மா, முந்தாநாள் அந்தக் கால், நேத்து இந்தக் கால், இன்னிக்கு மணிக்கட்டு வலிக்குது என்று. அகெனேசேக்கு முகம் மலர்ந்துவிட்டது. வலி நகருதுன்னா வெளிய போகுதுன்னு நீங்கதானேக்கா சொல்லுவீங்க என்றாள். நான் எண்ணெய்க் கிண்ணத்தை மூடி வைத்தேன்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ என்றேன், கேட்கவில்லை. நாள் பூரா உக்கார வெச்சு மாத்திரை குடுத்து அனுப்புவாங்க, அதுக்கா பஸ் ஏறணும், பொண்ணு வெளிநாட்டுல பெரிய படிப்பு படிக்கவும் எங்க பிள்ளையைத் தொட உங்களுக்குக் கை கூசுதோ என்று கேட்டுவிட்டுப் படி இறங்கிவிட்டாள். அப்போதுதான் சொன்னேன். என் சின்னவ பெபேக்கும் இப்படித்தான்டி வலி இடம் மாறிச்சு, நல்லதுன்னு நானே ஊருக்கெல்லாம் சொன்னேன், அடுத்த வருஷம் மூச்சு வாங்கி வாங்கியே செத்துப்போனா என்றேன். வாய்விட்டு நான் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அகெனேசே திரும்பிப் படியேறி வந்தாள். பிறகு பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள். நானும் கூடப் போனேன். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார், வால்வில் லேசாகத்தான் சத்தம், நல்லவேளை இப்பவே கொண்டு வந்தீங்க என்று அன்றே சேர்த்துக்கொண்டார். இனி நாலு வாரத்துக்கு ஒரு ஊசி, பல வருடத்துக்கு. ஊரில் யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் நான் பிடித்துவிட்டு அனுப்பிய பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் பார்க்கிற பார்வை எனக்குப் புரிகிறது.

லாங்கி, தங்கச்சி பாயில் கிடந்தபோது உனக்குப் பதினாலு வயது. வாசலில் நின்றுகொண்டு, காய்ச்சல் விடவே இல்லம்மா, ஆஸ்பத்திரி போவோம்மா என்றாய். எனக்கே சொல்லித்தர வந்துட்டியா, போய்த் தேங்காய் துருவு என்று வந்தவர்கள் முன்னால் உன்னை விரட்டினேன். நீ போய்த் துருவினாய். அதன்பிறகு படித்தாய், கடல் தாண்டினாய், இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அதைச் சொல்லிக்காட்டவில்லை. நான் மறந்துவிட்டேன் என்று நினைத்தாயோ என்னவோ. மறக்கவில்லை மகளே. அந்தக் காலத்தில் யாருக்கும்மா தெரியும் என்று ஆறுதல் எழுதிவிடாதே, உனக்கு அன்றே தோன்றியதே. அன்று உன் பேச்சைக் கேட்டிருந்தால் பெபே இன்று இருந்திருப்பாளா? படித்தவள் நீ, தெரிந்ததை உள்ளபடி எழுது. எதுவானாலும் தாங்கிக்கொள்வேன்.

ஆண்டவர் உன் கைகளையும் உன் வேலையையும் ஆசீர்வதிக்கட்டும். குளிரில் வெறுங்காலோடு நடக்காதே, நேரத்துக்குச் சாப்பிடு. பதிலை அப்பா பெயருக்கு அனுப்பாதே, என் பெயருக்கே போடு.

உனக்கும் பெபேக்கும் அம்மா,
சியேனி