பட்டை உரித்த பூவரசு

என்ரை அப்பாவுக்கு,

சண்டிலிப்பாய் வளவில் நீங்கள் வேலிக் கதியாலாக ஊன்றிய தடி, அந்தப் பூவரசு, இன்னும் நிற்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் ஒரு காலை, சருகு கூட்டப் போன அம்மா என்னைக் கூப்பிட்டார். மரத்தின் அடியில் நாலு விரல் அகலத்துக்குச் சுற்றிவரப் பட்டையைச் சீவி எடுத்திருந்தார்கள். யாரென்று கேட்க வேண்டியதில்லை. பக்கத்து வளவு மாமாவுக்கு மதில் கட்ட வேண்டும். எங்கள் காணி உறுதிப் பத்திரத்தில் வடக்கு எல்லை என்று எழுதியிருப்பது இந்த மரம்தான். அது விழுந்தால் மதில் எங்கள் கிணற்றடிக்கு வந்துவிடும்.

"இலை பச்சையாத்தானே கிடக்கு, ஒண்டும் ஆகாது" என்றார் அம்மா. நான் குனிந்து, காயம் முழுச் சுற்றாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தேன்.

நீங்கள் வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்ட, நான் வரம்பில் இருந்து பல்கலைக்கழகப் பாடக் கொப்பியை வாசித்தது ஞாபகமா? மரத்துக்குள் தண்ணீர் ஏற்றும் கலங்கள் முதலில் தம் சுவரைத் தடிப்பாகக் கட்டும். பிறகு உள்ளே உள்ளதையெல்லாம் கரைத்து, மேலும் கீழும் திறந்து, செத்துப்போகும். செத்த பிறகுதான் அவை குழாய். பழையவை அடைபட்டு வைரமாகி மரத்தைத் தாங்கும். வெளிப்பக்கத்துப் புதியவை தண்ணீர் ஏற்றும்.

வாய்க்காலை மறித்துக்கொண்டே சிரித்தீர்கள். "செத்ததோ தண்ணி காவுது? அப்ப நான் செத்தாலும் நீ என்னைச் சும்மா விடமாட்டாய் போல!"

மாமாவின் கத்தி பட்டையோடு நின்றுவிட்டது. உள்ளே செத்துக் கிடந்த குழாய்களை அது தொடவில்லை. அதனால்தான் இலை பச்சை. ஆனால் இலை சமைக்கிற சாப்பாடு பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்கும். வேர் பட்டினியில் சாகும் நாளுக்கு அவர் காத்திருந்தார்.

நான் காத்திருக்கவில்லை. அதே மரத்தில் ஐந்து இளங்கிளைகளை வெட்டி, காயத்துக்கு மேலே ஒரு நுனி, கீழே ஒரு நுனி என்று பட்டைக்குள் செருகி, துணியால் சுற்றி, சாப்பாடு இறங்கப் பாலம் கட்டினேன். மாமா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"என்ன பிள்ளை, மரத்துக்குப் பத்துப் போடுறியோ? கம்பஸிலை உதையோ படிப்பிச்சவை?"

"ஓம் மாமா" என்றேன். அவ்வளவுதான். என்னை உங்களுக்குத் தெரியுமே.

நேற்று மாமா கிராம அலுவலரான விதானையாரோடு வந்தார். "உது செத்த மரம். கொப்பர் செத்ததோடை உந்த எல்லைக் கதையும் முடிஞ்சுது."

எங்கள் வீட்டில் முதல் ஆளாகக் கம்பஸ் போனவள் நான். அங்கே யாராவது என் பெயர் என்னவென்று கேட்டாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனாலும் நேற்றுக் கதைத்தேன்.

"மாமா, மரத்துக்குள்ளை முக்கால்வாசி எப்பவோ செத்ததுதான். அது செத்தும் நிக்கிறபடியாத்தான் இது விழேல்லை. உயிர் எங்கை இருக்கெண்டு பாக்கப்போறியளோ? இஞ்சாலை வாங்கோ."

காயத்தில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தேன். ஐந்தில் மூன்று ஒட்டியிருந்தன. ஒன்றில் துளிர்.

விதானையார் குனிந்து பார்த்தார். "பச்சை மரம் அண்ணை. எல்லை இதுதான்."

மாமா சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். அம்மா உள்ளே போய் எனக்கு மட்டும் தேத்தண்ணி ஊற்றினார். விதானையார் முற்றத்தில் நின்றதை அவர் மறந்தே போனார்.

போனவரை விட்டுவிடு என்று எல்லாரும் எனக்குச் சொல்கிறார்கள். ஏன் விட வேண்டும்? நான் குடிக்கிற தண்ணீர் எந்த வழியால் வருகிறது?

மாமா திரும்ப வரக்கூடும். வரட்டும். இன்று காலை அதே மரத்தில் ஆறு தடி வெட்டி, நீங்கள் செய்வதுபோல் நுனியைச் சரிவாகச் சீவி, அதே எல்லையில் ஊன்றியிருக்கிறேன். இனி அவர் ஏழு மரம் உரிக்க வேண்டும். ஏழுக்கும் நான் பாலம் கட்டுவேன், அப்பா. இது சத்தியம்.

உங்களைச் சும்மா விடாத,
உங்கடை மூத்த மகள்