சொந்த வாக்கியம்

அன்புள்ள உங்களுக்கு,

போனை எடுக்க நேரமிருக்காது என்றுதான் எழுதுகிறேன். புனேயில் மழை விட்டதா?

கவரைப்பேட்டை சர்ச் ஹாலில் கம்பெனிப் பெண்களுக்கு இங்கிலீஷ் பேசக் கற்றுத் தருகிறேன் அல்லவா? என்ன செய்கிறோம், எப்படிச் செய்கிறோம், யாரோடு அல்லது எதற்காக என்பதையெல்லாம் ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டும். அது அவரவர் வாழ்க்கையில் உண்மையாகவும் இருக்க வேண்டும். இது என் விதி.

இன்று மெர்சி எழுந்து, "ஐ வெயிட் பேஷண்ட்லி ஃபார் மை பஸ்" என்றாள்.

"இவளா பொறுமையா? டிரைவரத் திட்டிக்கினே நிப்பா டீச்சர்!" என்றாள் லோகு. ஹாலே சிரித்தது.

"சும்மா இருடி. டீச்சர், நீங்க ஒண்ணு சொல்லுங்க. உங்க ஊட்டுக்காரரப் பத்தி" என்றாள் மெர்சி.

‘என் கணவர் தினமும் என்னோடு அன்பாகப் பேசுகிறார்’ என்று இங்கிலீஷில் சொன்னேன். கைதட்டினார்கள். யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

வியாழக்கிழமை மறுபடி வகுப்பு. அவர்கள் முகத்தைப் பார்த்து அந்த விதியை எப்படிச் சொல்வேன்?

அதற்குள் ஒருநாள் கூப்பிடுங்கள். ‘அன்பாக’ வராவிட்டால் பரவாயில்லை. பேசினால் போதும்.

இப்படிக்கு,
கும்மிடிப்பூண்டி வீட்டில் இருப்பவள்