மணவறையில் நீர் அசையாமல் இருந்த படம்

உம்முடைய கமராப் பையின் பக்கப் பையைத் திறந்தால் இன்னமும் கராம்பு மணக்கிறது. கல்யாண வீட்டில் படம் பிடிக்கிறவனுக்குக் கடைசிப் பந்தியில்தான் இலை கிடைக்கும். அதுவரை பசியை அடக்க, வாயின் ஒரு பக்கத்தில் கராம்பை ஒதுக்கி வைத்துக்கொண்டே வேலை செய்வீர். நேற்று பற்றரி தேடி அந்தப் பைக்குள் கையை விட்டேன். பற்றரி கிடைக்கவில்லை, மணம் மட்டும் விரலில் ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு ஒரு வேலையும் ஓடவில்லை. மேசையில் இருந்தேன், எழும்பினேன், வாசல் படலை வரைக்கும் போனேன், மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் செய்துவிட்டு நிறுத்தினேன், திரும்பவும் வந்து இருந்தேன். இதை எழுதாவிட்டால் இன்றைய நாளும் அப்படியே போய்விடும் போலிருக்கிறது. நீர் வாசிக்க மாட்டீர் என்று தெரியும். உயிரோடு இருந்த காலத்திலும் நான் எழுதிய எதையும் நீர் வாசித்ததில்லை.

கணினியில் இப்போதும் அந்தக் கறுப்புத் திரைதான் ஓடிக்கொண்டிருக்கிறது. போன கிழமை பிடித்த ஒரு கல்யாணத்தின் பச்சைப் படங்கள் ஒவ்வொன்றாக மாறிக்கொண்டிருக்கின்றன. பச்சைப் படம் என்பது நீர் வைத்த பெயர். கமரா தானே சமைத்துத் தருகிற படத்தை நீர் நம்புவதில்லை. அதன் கண் கண்டதை அப்படியே, நிறமும் வெளிச்சமும் தீர்மானிக்காமல், ஒரு கோப்பாக எழுதிவைக்கச் சொல்வீர். பிறகு அதை யாராவது படமாக மாற்ற வேண்டும். அதற்கென்று விற்கிற பெரிய மென்பொருளை எங்கள் பழைய லப்டொப் தாங்கவில்லை. திறந்தால் உள்ளே விசிறி அலறும், கொஞ்ச நேரத்தில் எல்லாம் உறைந்துபோய் நிற்கும். அப்போதுதான் இணையத்தில் தேடி இந்தச் சின்னக் கருவியைப் பிடித்தேன். பொத்தான்கள் இல்லாத கருவி இது. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டெழுத வேண்டும், எந்த எழுத்தைச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து வேலை மாறும்.

நீர் ஒருநாளும் அதில் கை வைக்கவில்லை. நான் தட்டும்போது எனக்குப் பின்னால் அங்குமிங்கும் நடந்துகொண்டே, "ஐயர், மந்திரம் முடிஞ்சுதோ?" என்று கேட்பீர். கணினி வகுப்பு நடத்தி நொடிந்துபோயிருந்த என்னை இப்படித்தான் ஐயராக்கினீர். முடிந்ததென்றால் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, முகம் சரி, முகம் சரியில்லை என்று ஒரு சொல்லில் தீர்ப்புச் சொல்லிவிட்டு மறுபடியும் நடக்கத் தொடங்குவீர். ஒரு கதிரையில் ஒழுங்காக இருந்து தேத்தண்ணி குடித்த மனிதரா நீர்? கோப்பையோடு உலாவி, ஊரிலுள்ள சுவரெல்லாம் கோப்பையை வைத்து மறந்த ஆள்.

ஒருநாள் விடியப்புறம் நெஞ்சு நோகிறது என்று சொல்லி, ஆசுபத்திரி வாசலைத் தாண்டமுன் போய்விட்டீர். அன்று பின்னேரமே உம்முடைய வீட்டுக்குப் போகிற ஒழுங்கை முகப்பில் கண்ணீர் அஞ்சலிப் பதாகை கட்டினார்கள். அதிலிருந்தது அடையாள அட்டைப் படம். நீர் பிடித்ததல்ல, யாரோ அவசரத்தில் பிடித்தது. அதைப் பெரிதாக்கிக் கட்டியபோது பொலிஸ் தேடுகிற ஆளைப் போல இருந்தீர். உம்முடைய மனைவி படியில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கிட்டப் போனதும், "உது ஆர் அண்ணை?" என்று கேட்டார்.

ஆளுக்கொரு கைபேசி இருக்கிற காலத்தில் ஒரு மனிதருக்குப் படமில்லை என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் இல்லை. யாராவது கைபேசியைத் தூக்கினால், "தாரும், நான் எடுக்கிறன்" என்று பறித்துவிடுவீரே. உம்முடைய வீட்டு விசேஷங்களில் எல்லாரும் இருக்கிறார்கள், நீர் மட்டும் இல்லை. உம்முடைய கல்யாணமோ இடம்பெயர்ந்திருந்த காலத்தில், ஒரு பள்ளிக்கூட மண்டபத்தின் மூலையில் தாலி கட்டிய கல்யாணம். அங்கே கமராவுக்கு எங்கே போவது? இதை நீர் ஒருதரம்கூட வருத்தத்தோடு சொன்னதில்லை. ஆனால் மற்றவர்களின் கல்யாணத்தில் ஒரு படம் பிசகினால் ஏன் அவ்வளவு கோபப்படுவீர் என்பது எனக்கு விளங்கியிருந்தது.

முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டிக்குக் கொடுக்கிற நினைவு மலருக்கு ஒரு படம் வேண்டும் என்றார் உம்முடைய மனைவி. பதாகையில் இருக்கிற அந்த ஆள் வேண்டாம், இவர் வேண்டும் என்றார். அவர் கேட்டது அவ்வளவுதான். கனடாவிலிருந்து உம்முடைய தம்பி வேறு விதமாகக் கேட்டார். அடையாள அட்டைப் படத்துக்கே கோட்டும் கழுத்துப்பட்டியும் மாட்டிவிடலாம், ஆளைக் கொஞ்சம் வெளிச்சமாக்கியும் விடலாம், அங்கே எல்லாரும் அப்படித்தான் செய்விக்கிறார்கள் என்றார். ஆளை வெளிச்சமாக்குவது எங்களுக்குத் தெரியாத தொழிலா? பெண் வீட்டார் கல்யாண அல்பத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டும் என்பதற்காக எத்தனை முகங்களை வெளுப்பித்தோம். நீர் அதற்குக் கல்யாண வெளிச்சம் என்று பெயர் வைத்துச் சிரிப்பீர். ஆனால் உம்மை வெளுப்பிக்க எனக்குக் கை வரவில்லை. அச்சகக்காரர் வேறு ஒருநாள் விட்டு ஒருநாள் தொலைபேசி எடுத்து, படம் எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் மணவறைப் படங்கள் நினைவுக்கு வந்தன. ஒவ்வொரு கல்யாணத்திலும் சனம் வருமுன் வெளிச்சத்தைச் சரிபார்க்க நீர் மாப்பிள்ளையின் இடத்தில் போய் இருப்பீர், நான் கமராப் பொத்தானை அமத்துவேன். என்னை இருத்திப் பார்த்தால் போதாதா என்று கேட்டதற்கு, மாப்பிள்ளைக்குக் கண் கூசுகிறதா என்பதை இருந்து பார்க்கிறவனுக்குத்தான் தெரியும் என்றீர். நிறம் பார்ப்பதற்காகக் கையில் ஒரு வெள்ளைக் கைக்குட்டையைப் பிடித்திருப்பீர். அந்தப் படங்களை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் நீர் எதையும் அழிக்காத ஆள், வட்டுகளில் எல்லாம் அப்படியே கிடந்தன.

நான் கட்டளையைத் தட்டினேன். பச்சைப் படத்துக்குள் கமரா ஒரு சின்னப் படத்தையும் ஒளித்துவைக்கும். முதலில் அவற்றை மட்டும் உருவி எடுத்தேன். திரையில் வரிசையாக நீர் வந்தீர். எத்தனை ஊர், எத்தனை மணவறை, எல்லாவற்றிலும் நீர்தான் மாப்பிள்ளை. ஆனால் ஒன்றிலாவது ஒழுங்காக இருக்கிறீரா? ஒன்றில் கை விசிறிபோல அசைந்து கலங்கிக் கிடக்கிறது. இன்னொன்றில் பாதி எழும்பிவிட்டீர். மற்றதில் வாயைத் திறந்து என்னை ஏசுகிறீர். "அமத்தும், அமத்தும்" என்ற சத்தம் படத்திலேயே கேட்கிறது. முதலில் சிரிப்பு வந்தது. பிறகு எரிச்சல் வந்தது. ஒரு கணம், ஒரேயொரு கணம் சும்மா இருந்திருந்தால் என்ன ஐயா என்று திரையைப் பார்த்துத் திட்டினேன். எழும்பி நடந்தேன். ஓரிடத்தில் இருக்க விடாத உம்முடைய வருத்தம் எனக்கும் தொற்றிவிட்டது என்று நினைத்தேன்.

இடையிடையே சில சின்னப் படங்கள் முழுக் கறுப்பாக இருந்தன, ஃபிளாஷ் வேலை செய்யாமல் பிழையாய்ப் போனவை. அவற்றைத் தள்ளிவிட்டுத்தான் போய்க்கொண்டிருந்தேன். வேறு வழியில்லை என்று வந்தபோது, நீர் அடிக்கடி சொல்வது ஞாபகம் வந்தது: கறுப்பாய்த் தெரிவதெல்லாம் கறுப்பில்லை, பச்சையைத் திறந்து பார்க்கவேண்டும் என்பீர். ஆகவே கறுப்புகளை மட்டும் ஒரு பக்கமாகச் சேர்த்து, வெளிச்சத்தை நன்றாகக் கூட்டச் சொல்லிக் கட்டளை கொடுத்தேன். பெரும்பாலும் வெறும் புள்ளிகளும் திரைச்சீலையும்தான் வந்தன. பருத்தித்துறையில் கடலோரமாக இருக்கிற அந்த மண்டபத்தில் எடுத்த ஒன்றில் நீர் வந்தீர்.

அசையாமல் இருந்தீர். கமராவைப் பார்க்கவில்லை. பக்கத்துக் கதவால் வந்த பகல் வெளிச்சம் முகத்தின் ஒரு பாதியில் விழுந்திருந்தது, மடியில் கைக்குட்டை கிடந்தது. நான் அமத்தியது உமக்குத் தெரிந்திராது. ஆனால் முகம் நீலம் பாரித்திருந்தது. பின்னால் இருந்த சிவப்புத் திரை முழுவதையும் கருவி பிழையென்று நினைத்து, சிவப்பைக் குறைத்து, உம்முடைய முகத்திலிருந்தும் சிவப்பை உறிஞ்சிவிட்டது. இதுதான் வெள்ளை என்று கைக்குட்டையைச் சுற்றி ஒரு சதுரத்தைக் குறித்துக் கொடுத்து, திரும்பவும் ஓடவிட்டேன். இந்தமுறை உம்முடைய நிறம் வந்தது. வெயிலில் மோட்டார் சைக்கிள் ஓடிக் கறுத்த, எங்களுக்கெல்லாம் தெரிந்த அந்த நிறம். நான் அழுதேன். வேலை முடிந்துவிட்டது என்ற சந்தோஷமும் அதில் இருந்தது.

லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு உடுவிலுக்கு, உம்முடைய வீட்டுக்கு ஓடினேன். உம்முடைய மகள் தேத்தண்ணி போடக் குசினிக்குப் போயிருந்தாள். உம்முடைய மனைவி படத்தைக் கனநேரம் பார்த்தார். நான் ஏதோ வெற்றிக் களிப்பில், இருட்டுக்குள்ளிருந்து எப்படி எடுத்தேன் என்றெல்லாம் விளங்கப்படுத்திக்கொண்டிருந்தேன். அவர் அதைக் கேட்கவில்லை.

"அண்டைக்கு இவருக்கு ஏலாமல் இருந்திருக்கு, அண்ணை" என்றார்.

வெளிச்சம் போதாததால் அப்படித் தெரிகிறது என்றேன். அவர் திரையைத் தொட்டுக் காட்டினார். சேட்டின் மேல் பொத்தான்கள் கழன்றிருந்தன. இடக் கையை மற்றக் கை முழங்கைக்கு மேலே இறுக்கிப் பிடித்திருந்தது. நான் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததில் அந்தக் கையைக் கவனிக்கவில்லை.

"சுகமா இருந்தா இவர் உப்பிடி இருப்பாரே?"

அந்தக் கல்யாணத்திலிருந்து திரும்பும்போது மோட்டார் சைக்கிளை என்னிடம் தந்தீர். அதுவரை ஒருநாளும் தந்ததில்லை. வழியில் வல்லை வெளிக் காற்றில் நான் சந்தோஷப் புழுகத்தோடு ஓட்டிவந்தேன். நீர் பின்னால் ஒன்றும் கதைக்காமல் இருந்தீர். அதற்குப் பிறகு ஒரு மாதம்கூட நீர் இருக்கவில்லை. இதெல்லாம் அந்த வீட்டுக் கதிரையில் இருந்தபோதுதான் ஒன்றோடொன்று சேர்ந்து எனக்கு விளங்கியது. லப்டொப்பை மூடப் போனேன்.

வேறு படங்கள் இல்லையா என்று உம்முடைய மனைவி கேட்டார். இருக்கிறது, ஆனால் ஒன்றும் உதவாது என்று சொல்லிக்கொண்டே கலங்கிய படங்களைத் திறந்தேன். மகளும் வந்து பின்னால் நின்றாள். ஒவ்வொன்றாகத் தள்ளத் தள்ள, இருவருடைய முகத்திலும் என்னவோ இளகியது. ஒரு படத்தில் மகள் சிரித்தே விட்டாள். ஃபிளாஷ் வெளிச்சத்துக்கு ஒரு கண்ணை மூடி, கையைத் தூக்கி, வாயை முழுதாகத் திறந்து என்னை ஏசுகிற படம். உம்முடைய மனைவி அதிலேயே நிறுத்தச் சொன்னார். இதைப் போடுங்கோ என்றார். வெளுப்பிக்க வேண்டாம் என்றும் சொன்னார்.

தம்பிக்கு அனுப்பியதும் உடனே அழைப்பு வந்தது. செத்தவீட்டுப் புத்தகத்தில் வாயைத் திறந்துகொண்டிருக்கிற படத்தை யார் போடுவார்கள், பார்க்கிற சனம் என்ன நினைக்கும் என்று என்னிடம் படபடத்தார். உம்முடைய மனைவி என் கையிலிருந்த கைபேசியை வாங்கினார்.

"உந்த வாயாலைதானே தம்பி அவர் என்னோடை கதைச்சவர்."

தம்பி தனக்கும் அந்தப் படத்தைப் பெரிதாக அனுப்பிவைக்கச் சொன்னார்.

அந்தியேட்டிக்கு வந்த சனம் புத்தகத்தை விரித்ததும் முதலில் சிரித்துவிட்டது. அதற்கென்று யாரும் வெட்கப்படவில்லை. அன்று பந்தியில் எல்லாரும் உம்மிடம் ஏச்சு வாங்கிய கதைகளைத்தான் சொல்லிச் சாப்பிட்டார்கள். மணப்பெண்ணின் தகப்பனையே ஓரமாகத் தள்ளி நிறுத்திய கதையை ஒருவர் எழும்பி நின்று நடித்துக் காட்டினார். அழுகிற முறை இருந்த சொந்தக்காரர்கள் அழுதார்கள். நான் கடைசிப் பந்தியில் இருந்தேன், பழக்கதோஷம்.

வெளிக்கிடும்போது உம்முடைய மனைவி படலை வரைக்கும் வந்தார். அந்த மற்றப் படம் இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டார். ஓம் என்றேன்.

"அதை அழிச்சுப் போடாதேங்கோ, அண்ணை. ஆனா எனக்கு இனிக் காட்டாதேங்கோ."

அப்படித்தான் அது என்னிடம் வந்து சேர்ந்தது. இந்தக் கருவி மூலக் கோப்பைத் தொடுவதில்லை. எத்தனை தரம் மாற்றினாலும் பக்கத்தில் புதிதாக ஒரு படத்தைத்தான் எழுதிவைக்கும். அதனால் நான் திரும்பத் திரும்ப மாற்றிக்கொண்டிருக்கிறேன், இன்றைக்கும் மாற்றினேன். வெளிச்சத்தைக் கூட்டினால் உம்முடைய நோவு தெரிகிறது. குறைத்தால் நீரே இல்லாமல் போகிறீர். இரண்டுக்கும் நடுவில் எங்கே நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. மகளுக்குக் காட்ட முடியாது, தம்பிக்கு அனுப்ப முடியாது. தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, முகம் சரியா இல்லையா என்று சொல்லக்கூடிய ஆள் நீர் ஒருவர்தான்.