அப்பாவிடம் மீனு கேட்டது

செவ்வாய், இரவு

மீனு தூங்கிவிட்டாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

சாயங்கால டியூஷனில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இரண்டாம் உலகப் போர் நடத்தினேன். பாடம் சப்பென்று இருக்கவேண்டாமே என்று, அமெரிக்காவில் அணுகுண்டு செய்தவர்கள் குடியிருந்த ஊரைப் பற்றிச் சொன்னேன். கேட் உண்டு, பாஸ் உண்டு, குழந்தைகளுக்கு ஸ்கூல் உண்டு. அப்பாக்கள் மட்டும் வீட்டில் வேலையைப் பற்றி வாயே திறக்கமாட்டார்கள்.

"அரே ஆன்ட்டி, நம்ம அணுசக்தி நகரேதான்!" என்று, அணு ஆராய்ச்சி நிலைய ஊழியர்களுக்கான எங்கள் குடியிருப்பைச் சொன்னான் கார்த்திக். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். மூலையில் படம் வரைந்துகொண்டிருந்த என் மகள் சிரிக்கவில்லை.

ஸ்டாஃப் பஸ் வந்ததும் ஓடிப்போய் அப்பாவின் டிபன் பையை வாங்குகிறவள், இன்று கதவருகிலேயே நின்றாள்.

"அப்பா, நீ ஆபீஸ்ல குண்டு செய்றியா?"

அவர் இன்னும் ஷூவைக்கூடக் கழற்றவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"இல்லடா கண்ணா. அப்பா பம்ப் ரிப்பேர் பண்றேன்."

"என்ன பம்ப்?"

"தண்ணி பம்ப்."

"ப்ராமிஸ்?"

"ப்ராமிஸ்."

கொஞ்சம் யோசித்துவிட்டுப் பையை வாங்கிக்கொண்டாள்.

கல்யாணமானதிலிருந்து நான் கேட்காத கேள்வி அது. இங்கே யாரும் கேட்பதில்லை. பம்ப் என்பது எனக்கும் இன்றுதான் தெரியும். உண்மையாகத்தான் இருக்கும்.

நாளைக்குக் குண்டு விழுந்த பாடம். மீனுவைக் கீழ்வீட்டுக்கு அனுப்பிவிடலாமா என்று கேட்டேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தவர், "வேண்டாம், உன் பக்கத்துலயே உக்காத்தி வெச்சுக்கோ. முழுசா கேக்கட்டும்" என்றார்.

அவரும் இன்னும் தூங்கவில்லை.