கழற்றி வைத்த வால்வு

பள்ளங்கி,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள அத்தாவுக்கு ஹாஃபிஸாவின் ஸலாம். முழங்கால் வலி குறைந்ததா? ராமநாதபுரத்தில் வெயில் தணிந்ததா? இந்த மலைக்குளிரிலும் நான் நலம். போனில் சொன்னால் பதறுவீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை, பூண்டியில் ஒரு பசு கன்று ஈன முடியாமல் தவிப்பதாக எங்கள் கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் வந்தது. உங்கள் பழைய காரில் புறப்பட்டேன். ஏற்றத்தில் அது திணறித் திணறி மூன்று முறை நின்றது. குளிர்ந்த எஞ்சினுக்குக் கூடுதல் பெட்ரோல் விடும் சோக்கை இழுத்துவிட்டபடியே போய்ச் சேர்ந்தேன். நல்லவேளையாகத் தாயும் கன்றும் பிழைத்தன.

திரும்பியதும் இங்குள்ள மெக்கானிக் வேல்ராஜிடம் காட்டினேன். 796 சிசி, மூன்று சிலிண்டர், எஞ்சினில் குறையில்லை. கார்புரேட்டரும் சுத்தம். எஞ்சின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் வால்வைத்தான் காணோம்.

“கீழ வெயிலுக்கு யாரோ கழட்டியிருக்காங்க, டாக்டரம்மா. இங்க எஞ்சின் வெறச்சுப்போய்க் கெடக்கு. அதுக்கும் ஸ்வெட்டர் போடணும்ல?” என்று சிரித்தவர், ரேடியேட்டரின் பாதியை அட்டையால் மறைத்தார். அதற்குப் பிறகு கார் ஒரு முறைகூட நிற்கவில்லை.

அந்த ‘யாரோ’ நீங்கள்தான் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. மலையேறும்போது எஞ்சின் கொதித்து நான் வழியில் தனியாக நின்றுவிடக் கூடாது என்றுதானே கழற்றினீர்கள்? நீங்கள் எதையும் தூக்கி எறிய மாட்டீர்கள். வால்வு பத்திரமாகத்தான் இருக்கும். கூரியரில் போடாதீர்கள், அத்தா. நீங்களே கொண்டுவந்து மாட்டுங்கள். உங்கள் அளவில் ஒரு ஸ்வெட்டர் வாங்கி வைத்திருக்கிறேன்.

வாசலில் ஆட்டைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்கிறார், போகிறேன்.

மகள்
ஹாஃபிஸா