என்னை அனுப்பாத டீச்சருக்கு

டீச்சர்,

டெலிவரிக்குப் போகிற வழியில், கேம்ப் ரோட்டுப் பள்ளிக்கூட வாசலில் உங்கள் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸைப் பார்த்தேன். படத்துக்குக் கீழே ‘புன்னகை மாறா ஆசிரியை’. வண்டியை ஓரம் கட்டினேன். எழுதியவர் உங்களை நேரில் பார்த்திருப்பாரா என்றே சந்தேகம். பள்ளி விடும் நேரத்தில் நீங்கள் சிரித்து நான் பார்த்ததில்லை. எந்தப் பிள்ளையை யார் கூப்பிட வந்தாலும் ஏற இறங்கப் பார்ப்பீர்கள். அக்கா படித்த காலத்திலும் அப்படித்தான், என் காலத்திலும் அப்படித்தான். கடைசிப் பிள்ளை கிளம்பும்வரை உங்கள் டிபன் பாக்ஸ் திறக்காது.

நான் அப்போது யூகேஜி. அப்பா வீட்டைவிட்டுப் போய்ச் சில மாதங்கள் ஆகியிருந்தன. ஒரு மத்தியானம், கையில் ரிமோட் காருடன் வாசலில் நின்றார்.

“எம் புள்ள டீச்சர். இட்டுகினு போறேன்.”

“இருக்கலாம் சார். அவங்க அம்மா வரட்டும்.”

“இன்னா, எம் புள்ளைய எனக்கே தர மாட்டியா?”

“கத்தாதீங்க சார். பசங்க பயப்படுறாங்க.”

நான் உங்கள் புடவையைப் பிடித்துக்கொண்டு அந்தக் காரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அதைக் கவரோடு வண்டி ஹாண்டில்பாரில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அதன்பிறகு நான் அவரைப் பார்க்கவே இல்லை.

அம்மா உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்குத்தான் ஆறவில்லை. அம்மா சொல்லிவைத்துத்தான் செய்தீர்களோ? அன்று அனுப்பியிருந்தால் எனக்கு அப்பா என்று ஒருவர் இருந்திருப்பாரோ? பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டபோதும் மண்டைக்குள் இதுதான் ஓடியது.

போன வருஷம் மாடம்பாக்கத்தில் ஒரு ஆர்டர். கதவைத் திறந்தது நீங்கள். ஹெல்மெட்டைக் கழற்றியதும் பெயர் சொல்லிக் கூப்பிட்டீர்கள். நான் பார்சலைக்கூட நீட்டாமல் கேட்டேன்.

“அன்னிக்கு என்னை ஏன் டீச்சர் அனுப்பல? அவரு நல்லவரா இருந்திருந்தா?”

“நல்லவரா இல்லையான்னு எனக்கு எப்படிடா தெரியும்? உங்கம்மாவோட திரும்ப வருவார்னு மறுநாள் வாசல்லயே நின்னேன். அடுத்த வாரமும் பார்த்தேன். வரலை.”

நான் நம்பவில்லை. அவர் மறுபடி வந்து, நீங்களே திருப்பி அனுப்பியிருக்கலாம் என்று நினைத்தேன். வயதானவர்கள் சமாதானத்துக்கு எதையாவது சொல்வார்கள். அடுத்த ஆர்டர் இருக்கிறது என்று கிளம்பிவிட்டேன்.

ஃப்ளெக்ஸைப் பார்த்த அன்றுதான் அத்தையிடம் அப்பாவின் நம்பரை வாங்கினேன். உங்கள் பேச்சைச் சரிபார்க்க எனக்கு வேறு ஆள் இல்லை. எடுத்தார். இன்னா வேலை, கல்யாணம் ஆச்சா என்றெல்லாம் விசாரித்தார். நான் நேராகக் கேட்டேன்.

“ஸ்கூல்ல என்னைக் கூப்ட வந்தியே, மறுநாள் ஏன் வரல?”

“எந்த ஸ்கூலு?”

“கேம்ப் ரோடு. ரிமோட் கார் வாங்கினு வந்த.”

“நானா? இன்னாடா சொல்ற… அது வேற யார்னா இருக்கும்.”

வைத்துவிட்டேன்.

நீங்கள் மறுநாளையும் அடுத்த வாரத்தையும் மறக்கவில்லை. அவருக்கு அந்த நாளே இல்லை.

யாரையும் லேசில் நம்புகிறவன் இல்லை நான். அது இனி மாறாது, மாற வேண்டியதும் இல்லை. வரும் ஜூனில் அக்கா பெண் எல்கேஜி சேருகிறாள். மத்தியானம் கூப்பிட நான்தான் போவேன். நான் யாரென்று கேட்காமல் பிள்ளையை என்னிடம் நீட்டினால், அந்த வாசலிலேயே சண்டை போடுவேன் டீச்சர்.