டீக் ஹை என்று சொல்லாதே

நெருப்பெரிச்சல்
16.12.2007

அன்பு மகன் மாதவனுக்கு உன் அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நதியாவும் முருகன் புண்ணியத்தில் காய்ச்சல் தலைவலி என்று படுக்காமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம். அங்கே உன் சுகத்துக்கு எழுது என்று வழக்கம்போலக் கேட்க மாட்டேன், ஏனென்றால் நீ சுகம் என்றுதான் எழுதுவாய், நான் அதை நம்பப் போவதில்லை. எய்யா, உன் முழங்காலுக்கு என்ன? வலதா இடதா என்றுகூட எனக்குத் தெரியாது, ஆனால் ஏதோ ஒரு முழங்கால் உனக்குச் சரியில்லை, அதை நீ எல்லோரிடமும் மறைக்கிறாய், அது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரிந்துவிட்டது. தெரிந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. போனில் கேட்டால் ஒன்றுமில்லை, சிக்னல் சரியில்லை என்று சொல்லிக் கட் பண்ணிவிடுவாய். கடிதத்தை அப்படிக் கட் பண்ண முடியாது, அதனால்தான் எட்டாம் வகுப்போடு விட்ட பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், எழுத்துப் பிழை இருந்தால் சிரிக்காமல் படி.

முதலில் வீட்டுச் சேதியைச் சொல்லிவிடுகிறேன். நதியாவுக்கு அரையாண்டுப் பரீட்சை நடக்கிறது, கணக்கு சுமார்தான் என்கிறாள், அவள் சுமார் என்றால் நன்றாக எழுதியிருக்கிறாள் என்று அர்த்தம், உனக்கு நேர் எதிர். அப்பா போகிற நிட்டிங் கம்பெனியில் கரண்ட் நின்று நின்று வருவதால் ஷிப்டு எப்போது முடியும் என்று அவருக்கே தெரிவதில்லை. உன்னை வாழ்த்தி நான் போகிற பனியன் கம்பெனி முதலாளி ஆறுமுகசாமி வைத்த ஃபிளக்ஸ் போர்டு இன்னும் ரோட்டு வளைவில் நிற்கிறது. வெயிலில் உன் முகம் வெளுத்து, பக்கத்தில் இருக்கிற முதலாளி முகம் மட்டும் பளிச்சென்று இருக்கிறது, அவருக்கு நல்ல மை போட்டிருக்கிறார்கள் போல. நல்ல மனிதர், குறை சொல்லவில்லை. என்னைப் பார்க்கும்போதெல்லாம் "ஏனுங்க சீனியம்மா, தம்பி எப்பங்க டிவில வருவாப்ல, சொன்னீங்கன்னா கம்பெனிலயே டிவி வெச்சுப்போடலாமுங்க" என்று கேட்கிறார். நானும் வருவான்ங்க, வருவான்ங்க என்று சொல்லிச் சமாளிக்கிறேன். நீ வந்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பதை அவருக்கு எப்படிக் காட்டுவேன்.

பேப்பரில் போட்டிருந்ததை நதியா சத்தமாக வாசித்தாள், பாதியிலேயே நிறுத்திவிட்டாள். பெரிதாக எதிர்பார்க்கப்பட்ட இளம் ஹாக்கி வீரர் ஏமாற்றம் அளிக்கிறார், ஓட்டத்தில் பழைய வேகம் இல்லை என்று போட்டிருக்கிறான். அதிலிருந்து ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்கிறார்கள். டீக்கடையில் இருப்பவர்களுக்கு வடக்கத்திக்காரன் நம் பையனை ஏறவிட மாட்டான் என்று பேச்சு. வீட்டுக்கார அம்மா கண்ணேறு என்கிறார், பூசணிக்காய் சுற்றி உடைக்கச் சொன்னார், உடைத்தேன். நதியாவின் பள்ளிக்கூட டிரில் மாஸ்டர், சின்ன வயதில் பெரிய பெயர் வந்தால் பையன்களுக்கு உழைப்பு குறைந்துவிடும் என்றாராம், நதியா அவரோடு சண்டை போட்டுவிட்டு வந்தாள். உன் அப்பா எல்லாவற்றுக்கும் ரொட்டியைத்தான் திட்டுவார், சோறு தின்று வளர்ந்த உடம்பு ரொட்டியில் எப்படி ஓடும் என்று. நானும் ரொட்டியைத்தான் நம்பிக்கொண்டிருந்தேன் சாமி. இந்தக் கார்த்திகை மாதம்தான் எனக்கு உண்மை தெரிந்தது, அதுவும் உன் வாயால் இல்லை.

எங்கள் கம்பெனியில் சுதீர் என்று ஒருவர் ஓவர்லாக் மிஷினில் தைக்கிறார், பீகார் பக்கம், ஊரில் பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கிறார்கள். நான் செக்கிங் பண்ணுகிற மேஜைக்கு எதிரே அவர் மிஷின். ஷிப்மெண்ட் நெருக்கடியில் ஒருநாள் ஊசி அவர் ஆட்காட்டி விரலுக்குள் இறங்கி ஒடிந்துவிட்டது. சூப்பர்வைசர் ஓடிவந்து என்ன என்ன என்று கேட்டால், இந்த மனிதர் விரலில் வேஸ்ட் துணியைச் சுற்றிக்கொண்டு டீக் ஹை, டீக் ஹை என்கிறார். எனக்கு இந்தி தெரியுமா, ரத்தம் சொட்டச் சொட்ட டீ கேட்கிறாரே பாவம் என்று நினைத்துக் கேன்டீனுக்கு ஓடிப்போய் ஒரு டம்ளர் டீ வாங்கிவந்து கொடுத்தேன். அவரும் மறுபேச்சில்லாமல் வாங்கிக் குடித்துவிட்டு மறுபடி தைக்க உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், அப்புறம்தான் சொன்னார்கள், டீக் ஹை என்றால் நன்றாக இருக்கிறது, ஒன்றுமில்லை என்று அர்த்தமாம். ஒன்றுமில்லாத அந்த விரல் அந்த வாரமே கை முழுக்க வீங்கி, காய்ச்சலில் ஆள் விழுந்து, ஆஸ்பத்திரியில் விரல் நுனியை எடுத்துவிட்டார்கள். உள்ளே ஊசித் துண்டு இருந்திருக்கிறது. முதலாளியே கூட இருந்து பார்த்தார், முதல் நாளே சொல்லியிருந்தா ஒரு ஊசி போட்டு முடிஞ்சிருக்குமேங்க என்று தலையில் அடித்துக்கொண்டார். எதற்கு அப்படிச் சொன்னீர்கள் என்று நான் சுதீரைக் கேட்டேன். "வலி சொன்னா வேலை போயிரும் அக்கா" என்றார். இப்போது அவருக்குத் தையல் இல்லை, என் பக்கத்தில் உட்கார்ந்து பிசிர் வெட்டுகிறார், இடது கையால்.

பக்கத்தில் இருக்கிற ஆளிடம் உன் பெருமையைப் பேசாமல் என்னால் இருக்க முடியுமா. நாலு டீம்காரர்கள் மேஜை போட்டு உட்கார்ந்து இந்தியா முழுக்க இருக்கிற பையன்களை ஒவ்வொருவராகப் பிரித்து எடுத்தபோது என் மகன் பெயரை இரண்டாவதாகக் கூப்பிட்டார்கள் என்று சொன்னேன். லூதியானாவில் இருக்கிறான், அதுவும் நம்மூர் மாதிரி பனியன் ஊர்தானாமே என்று சொன்னேன். அப்புறம், தீபாவளிக்கு வந்துபோன கையோடு, சுதீர் விரலில் ஊசி ஏறுவதற்கு முன்னால், உன்னோடு போனில் பேசிக்கொண்டிருந்தபோது உன் கோச் வந்து உன்னைப் பாராட்டியதையும் சொன்னேன். உனக்கு ஞாபகம் இருக்கும், நான் குழம்பு வைப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன், பின்னால் ஒரு கனத்த குரல் கேட்டது. குட்னா என்று அவர் கேட்க, நீ டீக் ஹை சார் என்றாய், அவர் மறுபடி குட்னா குட்னா என்று ஏதோ சொன்னார், நீ மறுபடியும் டீக் ஹை என்றாய். குட் என்றால் நல்லது என்று எனக்குத் தெரியாதா, கோச் உன்னைக் குட் குட் என்று மெச்சுகிறார், பையன் டீ குடிக்கப் போகிறான் என்று நினைத்து, போய்க் குடி ராசா என்று சொல்லி நானே போனை வைத்தேன். அப்பாவிடமும் சொன்னேன், அவர் டீக்கடை முழுக்கச் சொன்னார்.

சுதீர் சிரிக்கவில்லை. கத்தரியைக் கீழே வைத்துவிட்டுத் தன் முழங்காலைத் தொட்டுக் காட்டி, "அக்கா, குட்னா இது" என்றார். முழங்கால் எப்படி இருக்கிறது என்று கோச் கேட்டிருக்கிறார் அக்கா என்றார். அன்றைக்கு என்ன பீஸ் செக் பண்ணினேன், எதை விட்டேன் என்று எனக்கே தெரியாது, வீடு வருகிற வரைக்கும் டீக் ஹை டீக் ஹை என்று உன் குரலும் அந்த மனிதர் குரலும் மாறி மாறிக் காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் ஒவ்வொன்றாக ஞாபகம் வருகிறது. தீபாவளிக்கு வந்தபோது நீ ஒரு வேளைகூடத் தரையில் உட்கார்ந்து சாப்பிடவில்லை, தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே தின்றாய், கேட்டதற்கு அங்கே அப்படித்தான் பழக்கம் என்றாய். நான் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன், என் பையன் வெளிநாட்டுக்காரன் மாதிரி சாப்பிடுகிறான் என்று. கூட இருக்கிற பையனுக்கு வேண்டும் என்று அப்பா தடவுகிற தைலத்தின் பெயரைக் கேட்டாய், ஊருக்குப் போகும்போது பாட்டிலையே எடுத்துப்போய்விட்டாய். அப்புறம் சிவன்மலை. படியேறி வருகிறேன் என்று முருகனுக்கு நேர்ந்துகொண்டது நான், அடிவாரத்தில் வந்து நின்றதும் நீ என்ன சொன்னாய், அம்மாவுக்கு முழங்கால் வலிக்கும், வேனில் போய்விடலாம் என்றாய். எனக்கு எங்கேடா முழங்கால் வலி? நாள் முழுக்க நின்று செக்கிங் பண்ணுகிற கால் இது, ஒரு நாள் வலி என்று சொன்னது உண்டா? இருந்தாலும் வேனில் உட்கார்ந்து, இந்தப் பிள்ளைக்கு அம்மா மேல் எவ்வளவு கரிசனம் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். உன் வலியை என் காலில் ஏற்றிச் சொல்லியிருக்கிறாய் என்று இப்போதுதான் புரிகிறது. முருகன் முன்னால் நின்று என்ன வேண்டிக்கொண்டாயோ, உனக்கும் அவனுக்கும்தான் தெரியும்.

கோவில்பட்டிக்குப் போன் போட்டு உன் மாமா பழனிமுத்துவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவனும் அந்தக் காலத்தில் ஹாக்கி மட்டையோடு திரிந்தவன்தானே. "எக்கா, நம்ம மண்ணுல ஆடிப் பழகுன காலு அது, அங்க பச்சைத் தரையில வெட்டித் திரும்புததுல உள்ள இருக்க சவ்வுக்குத்தான் அடி. வீக்கத்தோட ஆடுனாம்னா கிழிஞ்சிரும், பொறவு ஆட்டம் இல்ல, நடையே போயிரும், ஒடனே சொல்லச் சொல்லு" என்றான். நடையே போயிரும் என்று அவன் சாதாரணமாகச் சொல்லிவிட்டான், நான் அதை எப்படித் தூக்கிக்கொண்டு நடப்பேன். நொண்டிக்கொண்டு வருகிற யாரைப் பார்த்தாலும் இப்போது நின்று அவர் காலையே பார்க்கிறேன். நீ மாத்திரை கீத்திரை போட்டுக்கொண்டு ஓடுகிறாயோ, குளிரில் அந்தக் கால் என்ன பாடு படுகிறதோ என்று நினைத்து நினைத்து எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போல இருக்கிறது.

உன் கோச்சை நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். அந்த மனிதர் கேட்டிருக்கிறார், ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டிருக்கிறார். பொய் சொன்னது நீ. ஏன் சொன்னாய் என்றும் எனக்குத் தெரியும். கடைசியாக எடுத்த பையனாக இருந்தால் நீ முதல் நாளே ஐயோ வலிக்கிறது என்று சொல்லியிருப்பாய். இரண்டாவதாகக் கூப்பிட்ட பெயர் வலி என்று சொல்லக் கூடாது என்று நீயே ஒரு சட்டம் போட்டுக்கொண்டாய். அங்கே டீம் பார்க்கிறது, இங்கே போர்டு நிற்கிறது, அப்பா டீக்கடையில் பேப்பரை நீட்டுகிறார், முதலாளி டிவி வைக்கிறேன் என்கிறார். இத்தனை பேரும் உன் ஒரு காலின் மேல் ஏறி நின்றால் அது என்ன செய்யும் பாவம். அதை மறைத்து மறைத்து ஓடினதில்தான் வேகமும் போய், பெயரும் போய், இப்போது பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாய். நோயைச் சொன்னால் அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து, நோயை வைத்துக்கொண்டே கெட்ட பெயர் வாங்குகிறாய். இதில் என்ன லாபம் கண்டாய்?

அப்பாவிடம் சொல்லவே எனக்குப் பயமாக இருந்தது. சின்ன வலிக்கெல்லாம் பயந்தால் பெரிய ஆள் ஆக முடியுமா என்று கத்துவார் என்று நினைத்தேன். சிவன்மலை வேன் விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் செத்துப்போய்விட்டது. எழுந்து வெளியே போனவர் ரொம்ப நேரம் கழித்து வந்தார். வந்து, "ரெண்டு காலோட வரச் சொல்லு அவன. போர்ட நானே அவுத்து வச்சிருதேன்" என்றார். திரும்பிப் படுத்துக்கொண்டார், அவர் அழுததை நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நீயும் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளாதே.

இப்போது நான் சொல்வதைக் கவனமாகக் கேள். உனக்கு அங்கே இந்தியில் தெரிந்ததெல்லாம் டீக் ஹை ஒன்றுதான் என்று நீயே சிரித்தபடி சொல்லியிருக்கிறாய். வேறு பேச்சு தெரியாததால் அதையே சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டாயோ என்றும் எனக்கு ஒரு நினைப்பு. அதனால் சுதீரிடம் கேட்டு இதை எழுதி வாங்கியிருக்கிறேன், தமிழிலேயே எழுதுகிறேன், அப்படியே வாசி. மேரே குட்னே மே தர்த் ஹை. டாக்டர் கோ திகானா ஹை. என் முழங்கால் வலிக்கிறது, டாக்டரிடம் காட்ட வேண்டும், இவ்வளவுதான் அர்த்தம். தர்த் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டுமாம். கடிதம் கிடைத்த அன்றைக்கே கோச் முன்னால் போய் நின்று சொல். டாக்டர் படம் எடுக்கச் சொன்னால் எடு, ஆட வேண்டாம் என்றால் ஆடாதே, வீட்டுக்கு அனுப்பினால் வா. இங்கே சோறு இருக்கிறது, அம்மா இருக்கிறேன். கால் தேறினால் மறுபடி ஆடு, உன் ஆட்டத்தை யார் தூக்கிக்கொண்டு போய்விடப் போகிறார்கள்.

காதுக்குத் துணி கட்டிக்கொண்டு படு, பச்சைத் தண்ணீரில் குளிக்காதே, வெறும் வயிற்றில் மாத்திரை போடாதே. முருகன் உன் இரண்டு காலுக்கும் துணையாக இருக்கட்டும், நூறு வயது ஓடியாடி நன்றாக இருப்பாய். வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் போன் பண்ணுவேன். நல்லா இருக்கியா, சாப்பிட்டியா என்று எதுவும் கேட்க மாட்டேன், குட்னா கைசா ஹை, முழங்கால் எப்படி இருக்கிறது என்றுதான் கேட்பேன், வேலைக்கு நடுவே சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டேன். நீயும் தமிழில் பதில் சொல்லாதே. தமிழில் சொன்னால் உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும், அறையில் இருக்கிற அத்தனை பையன்களுக்கும் புரிகிற மாதிரி இந்தியிலேயே உரக்கச் சொல். மறுபடியும் டீக் ஹை என்று சொன்னாயோ, டம்ளரில் டீயை ஏந்திக்கொண்டு லூதியானாவுக்கே வந்து நிற்பேன்.

இப்படிக்கு,
ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பயந்துகொண்டே இருக்கும் உன் அம்மா,
த. சீனியம்மாள்